அடிப்பக்கம் பார்க்கிறவர்

பஸ் வந்து நின்றதும் கதிரேசு ஏறமாட்டார். முதலில் குனிவார். ஒரு கையைப் பின்சில்லின் மேல் ஊன்றி, கழுத்தைச் சரித்து, பஸ்ஸின் வயிற்றை ஒரு தரம் பார்ப்பார். எண்ணெய் சொட்டுகிறதா, எதுவும் தொங்குகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையிலேயே முடிந்துவிடும். பலெர்மோ ரயில் நிலையத்தடியிலிருந்து பிரான்காச்சோ போகும் பஸ் சாரதிகளுக்கு ஆளை நன்றாகத் தெரியும். அதில் ஒருவர், "என்ன தொத்தோரே, நோயாளி பிழைப்பாளா?" என்று அவரை டொக்டராக்கி இத்தாலியத்தில் கேட்டுச் சிரிப்பார். கதிரேசு சிரிக்கமாட்டார். "பியானோ, பியானோ" என்று மெதுவாக ஓட்டும்படி சொல்லிவிட்டு ஏறுவார்.

இந்தப் பஸ்களுக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது. கதிரேசு பயப்படுகிற சாமான் இவற்றில் கிடையவே கிடையாது. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் குனிவார்.

அவர் பயப்படுகிற சாமானே அவருக்குச் சோறு போடுகிறது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்னால் இருந்து, உந்துகிற சில்லுகள் பின்னால் இருந்தால், முன்னாலிருக்கும் சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுபோக வண்டியின் அடியில் நீளமான குழாய் ஒன்று வேண்டும். அதுதான் ஷாஃப்ட். பிரான்காச்சோவின் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், நீனோ என்கிற சிசிலிக்காரரின் பட்டறையில் வேறு வேலை எதுவும் நடப்பதில்லை. ஷாஃப்ட்டை வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், மெஷினில் ஏற்றிச் சுழற்றுவார்கள். எந்தப் பக்கம் நிறை குறைவோ அந்தப் பக்கம் நகமளவு தகடு ஒட்டிச் சமன்படுத்துவார்கள். ஊரில் மாங்குளத்து லொறிக் கராச்சில் கை பழகிய கதிரேசு, பலெர்மோவுக்கு வந்த புதிதில் மாடிப்படி கழுவினார், பல்லரோச் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கினார். கடைசியில் பழைய வேலைக்கே வந்து சேர்ந்தார். வயது அறுபதை எட்டிக்கொண்டிருக்கிறது.

மற்றவர்களின் வாகனத்தில் ஏறினால் செருப்பைக் கழற்றிவிடுவார். உள்ளங்காலால் தரையைக் கேட்பதற்கு. பின் இருக்கையில் நடுவில் இருக்கச் சொன்னால் நின்றுகொண்டே வருவேன் என்பார், ஏனென்றால் அதற்கு நேர் கீழேதான் ஷாஃப்ட் ஓடும். ஒரு கலியாணத்துக்குப் போன வழியில், "உது நல்லா இல்லை. எனக்கென்னவோ மனம் ஒப்பேல்லை, நிப்பாட்டுங்கோ" என்று சொல்லி மாப்பிள்ளையின் காரையே நிறுத்திவிட்டார். தாலி கட்டும் நேரம் நெருங்க, மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு பஸ் தரிப்பில் நின்றது இன்றைக்கும் ஊர்ச் சனத்துக்குச் சிரிப்பு. காரில் ஒரு பழுதும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இளவயதில் ஒரு நாள், நெல்மூட்டை ஏற்றிய லொறியின் பின்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முன்பக்க மூட்டுக் கழன்று ஷாஃப்ட்டின் முனை கீழே விழுந்தது. பின்பக்கம் கழன்றிருந்தால் இழுபட்டுக்கொண்டு போயிருக்கும். முன்பக்கம் கழன்றதால் முனை றோட்டில் குத்தி நின்றது. அத்தனை பெரிய லொறி அந்தக் குழாயின் மேல் எழும்பிக் கவிழ்ந்ததைக் கதிரேசு கண்ணால் கண்டார். சாரதியின் பெயரை இன்றுவரை அவர் வாயால் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மகள்தான் சாம்பவி. பலெர்மோவில் பிறந்து, பலெர்மோவிலேயே வளர்ந்தவள். எஞ்சினுக்குக் கம்ப்யூட்டரைப் பூட்டி அதன் மூச்சைத் திருத்துகிற வேலை. இத்தாலியத்தில் 'ஆனால்' என்பதற்குள்ள 'மா'வைப் போட்டுத்தான் தமிழையே தொடங்குவாள். எங்கேயோ இடித்து நொறுங்கிக் கிடந்த நீளமான அமெரிக்கப் பிக்கப் ஒன்றை வாங்கி, சனி ஞாயிறுகளில் திருத்தித் திருத்தி, ஒரு ராட்சதனாக்கி வைத்திருக்கிறாள். தீவின் உட்பக்கத்தில் கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்று உண்டு. கோடையில் அங்கே வேகப் பிரியர்கள் கூடுவார்கள். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, கோட்டைக் கடக்கும்போது மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றரைத் தாண்ட வேண்டும் என்பது சாம்பவியின் கனவு. தகப்பனின் கெட்ட கனவும் அதுவேதான்.

ஒரு நாள் அவள் பட்டறைக்கே வந்தாள்.

"அப்பா, எஞ்சின் முடிஞ்சுது. ஷாஃப்ட்டும் பின் அச்சுக் கியரும்தான் மிச்சம். நீங்கள் செய்து தருவியளோ, இல்லை வெளியிலை எடுக்கட்டோ?"

கதிரேசு கையிலிருந்த திருகுசாவியைக் கீழே வைத்தார். செய்து கொடுத்தால் தன் கையாலேயே பிள்ளையை அனுப்பியது போலாகும். செய்யாவிட்டால் எவனோ ஒருவன் ஒட்டிய குழாயின் மேல் உட்கார்ந்து போவாள். எந்தப் பக்கம் போனாலும் இடிதான்.

"எந்தக் கியர் போட நினைச்சிருக்கிறாய்?"

"நாலு சொச்சம்."

சில்லு ஒரு தரம் சுற்றுவதற்குள் ஷாஃப்ட் நாலு தரத்துக்கு மேல் சுற்றும் என்று அதற்கு அர்த்தம். அப்படிப் போட்டால் நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்பலாம். ஆனால் உச்ச வேகத்தில் ஷாஃப்ட்டின் பாடு திண்டாட்டம். இரண்டு பேர் நீளக் கயிற்றை ஆளுக்கொரு முனையில் பிடித்துச் சுழற்றினால் நடுவில் வயிறு தள்ளும் அல்லவா, நீளக் குழாயும் ஒரு வேகத்துக்கு மேல் அப்படித்தான் வளையும். வளைந்தால் முறியும். முறிந்தால் எங்கே போகும் என்பதைச் சொல்லக் கதிரேசுவுக்கு வாய் வருவதில்லை.

"நாலு வேண்டாம் பிள்ளை. மூண்டு போடு. அதே வேகத்துக்கு ஷாஃப்ட் காவாசி குறையச் சுத்தும்."

"மா, அப்பா, மூண்டு போட்டால் தொடக்கத்திலை எருமை மாதிரி எழும்பும்."

"எழும்பட்டும். எருமை கவிண்டு ஆர் பாத்தது?"

சாம்பவி சிரித்துவிட்டாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. லப்டொப்பை வேலை மேசையில் விரித்தாள். அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் பல நாட்கள் நடந்தது. அவள் ஒரே நீளக் குழாய் கேட்டாள், பாரமில்லாத அலுமினியத்தில். அவர் இரண்டு கட்டையாகப் பிரித்து நடுவில் ஒரு பேரிங் வைத்துத் தாங்கவேண்டும் என்றார். நீளம் பாதியானால் வளைகிற பேச்சே இல்லை. இரண்டு துண்டென்றால் மூட்டு ஒன்று கூட, பழுதாக இன்னொரு இடம் கூட என்றாள் அவள். அதுவும் நியாயம்தான். பயத்தில் அவர் குழாய்ச் சுவரின் தடிப்பை இரண்டு மடங்காக்கப் பார்த்தபோது கையைப் பிடித்து நிறுத்தினதும் அவள்தான். "தடிப்பைக் கூட்டினால் பாரம்தான் கூடும் அப்பா. விட்டம் பெருத்தால்தான் வளையாது. இது உங்களுக்குத் தெரியாததே?" தெரிந்ததுதான். பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். கியர் அவர் சொன்ன மூன்று. ஷாஃப்ட் அவர் சொன்ன இரண்டு கட்டை. தடிப்பு அவள் சொன்னது. கியர்ப்பெட்டியில், எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றுகிற நேர்க் கியரோடு நிற்கவேண்டும், ஷாஃப்ட்டை எஞ்சினை விட வேகமாகச் சுற்றவைக்கிற மேல் கியரைத் தொடவே கூடாது. ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் இரும்பு வளையம் போடவேண்டும், கழன்றாலும் தரையில் குத்தாமல் தாங்கிப் பிடிக்க. இவ்வளவுக்கும் தலையாட்டிவிட்டுச் சாம்பவி, கேளாமலே இன்னொன்றையும் கொடுத்தாள்.

"ஓடுற அண்டைக்கு ஷாஃப்ட்டைப் பற்றிக் கடைசிச் சொல்லு உங்கடை. நீங்கள் வேண்டாம் எண்டால் நான் போகேல்லை."

அதைக் கேட்டு நிம்மதிப்பட்டிருக்கவேண்டியவர், இன்னும் கூடப் பயந்தார். அந்த நாட்களில் நித்திரையிலும் ஷாஃப்ட்டோடுதான் கதை. "அதிலைதான் இருக்கு எல்லாம்... அதுதான் ஆளை முடிக்கும்..." என்று புலம்புவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தவர் மனைவி செல்வமலர். பகலில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் அவருடைய வயதான அம்மாவைப் பராமரிக்கிற வேலை. கணவரைப் போலப் புலம்புகிற ஆளில்லை. ஒரு ஆபத்து இன்ன இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று பார்க்கிற ஆள்.

ஷாஃப்ட்டை மெஷினில் ஏற்றிச் சமன் பார்த்தபோது கதிரேசு மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டார். நகமளவு தகடு ஒன்றை ஒட்டுவார், சுழற்றுவார், கழற்றுவார், அரத்தால் ஒரு சீவு சீவி மறுபடி ஒட்டுவார். ஊசி அசையாமல் நின்ற பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. நீனோ வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. பிறகு பிக்கப்பைத் தூக்கியில் ஏற்றி ஷாஃப்ட்டைப் பூட்டினார். ஆணி ஆணியாக இறுக்கி, இறுக்கியதற்கு அடையாளமாக ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் கோடு போட்டார்.

ஓட்டத்தன்று வெயில் காலையிலேயே சுட்டது. ஓடுபாதையின் இரண்டு பக்கமும் காய்ந்த புல். குடையும் தண்ணீர்ப் போத்தலுமாகச் சனம். நீனோ குடும்பத்தோடு வந்திருந்தார். செல்வமலர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். கதிரேசு பிக்கப்பின் அடியில் படுத்து, கை எட்டின மட்டும் ஆணிகளைத் தடவிப் பார்த்தார். வெள்ளைக் கோடுகள் ஒன்றும் விலகியிருக்கவில்லை.

முதல் ஓட்டம் அரை ஓட்டம்தான். போய்த் திரும்பி வந்த சாம்பவி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகத்தில் சந்தோசம் குறைவாக இருந்தது.

"நூற்றெண்பதுக்கு மேலை ஒரு நடுக்கம், அப்பா. ரயர் எண்டு நினைக்கிறன்."

கதிரேசு கிட்ட வந்தார். "எங்கை நடுங்கினது? ஸ்டியரிங்கோ, இருக்கையோ?"

"இருக்கை."

"ரயர் இல்லை" என்றார். இருக்கை நடுங்கினால் அதற்குக் கீழே ஓடுகிற ஷாஃப்ட்டைத்தான் அவர் சந்தேகிப்பார்.

ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். கதிரேசு ரோச் லைற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் புகுந்தார். சில்லைக் கையால் உருட்டச் சொன்னார். ஷாஃப்ட் மெதுவாகத் திரும்பியது. காலையில் மேற்பக்கமாகப் போய்த் தரைத்தகட்டுக்குள் மறைந்திருந்த ஏதோ ஒன்று, மினுங்கிக்கொண்டு கீழே வந்தது. சுண்டுவிரல் நுனியளவு செப்புக் குழாய். பிளாஸ்டிக் பட்டி போட்டு ஷாஃப்ட்டோடு இறுக்கிக் கட்டியிருந்தது. அச்சரக்கூடு, மந்திரம் எழுதி அடைத்த தாயத்து.

அவருக்கு யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அடியில் கிடந்தபடியே, "மலர்!" என்றார்.

செல்வமலர் குனிந்து பார்த்தார். மறைக்கவுமில்லை, மழுப்பவுமில்லை.

"நான்தான் கட்டினனான். நேற்றுச் சாப்பாடு கொண்டு வந்தனானெல்லோ, நீங்கள் கை கழுவப் போன நேரம். கோயில் ஐயரிட்டைக் குடுத்து ஓதுவிச்சது. நூலிலை கட்டினால் அறுந்துபோகும் எண்டுதான் உந்தப் பட்டியாலை கட்டினன்."

"ஷாஃப்ட்டிலை போய்க் கட்டுவினமோ? பிள்ளையின்ரை கழுத்திலை கட்டியிருக்கலாமே!"

"அவளிட்டைக் கேட்டனான், சிரிச்சுப்போட்டுப் போட்டாள். நீங்கள்தானே ஒவ்வொரு இரவும் சொன்னியள், ஆபத்து முழுக்க அதிலைதான் கிடக்கு எண்டு. அப்ப வேறை எங்கை கட்டுறது?"

கதிரேசு கூட்டை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். சுழலாமல் கிடந்தால் அந்தக் கூட்டுக்கு என்ன நிறை? பத்துக் கிராம் கூட இராது. ஆனால் நகமளவு தகட்டைச் சீவிச் சீவிச் சமன் பார்த்த ஷாஃப்ட்டில், அந்த வேகத்தில், அது சுத்தியலாக அடித்திருக்கும். இருநூற்றைம்பதில் என்ன செய்திருக்கும் என்று நினைக்கவே அவர் விரும்பவில்லை. மனைவியில் கோபப்படவும் முடியவில்லை. அவர் பயந்து பயந்து விதைத்ததைத்தான் மனைவி கொண்டுவந்து கட்டியிருக்கிறார்.

இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். பட்டியில் வைத்தார். கை நின்றுவிட்டது. ஓதிக் கட்டியதை, ஓட்டத்துக்கு முன்னால், தகப்பன் கையாலேயே அறுப்பதா? அறுக்காவிட்டால் ஷாஃப்ட் நடுங்கும். அறுத்தால் இவருக்கு நடுங்கும். வெளியே இருந்து செல்வமலர், "வெட்டாதேங்கோ, இஞ்சருங்கோ, வெட்டாதேங்கோ" என்றார்.

சாம்பவி அடியில் கையை நீட்டினாள். "வெட்டித் தாங்கோ அப்பா. நான் கழுத்திலை போடுறன். கழுத்துக்கு ஒருத்தரும் பலன்ஸ் பாக்கிறேல்லைத்தானே."

பட்டி அறுந்தது. கூட்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். தாய் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, கூட்டைக் கோத்து, மகளின் கழுத்தில் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாம்பவி இம்முறை சிரிக்கவில்லை.

அதோடு முடியவில்லை. அந்த நடுக்கம் நடுப் பேரிங்கைக் கெடுத்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். கதிரேசு இரண்டு உள்ளங்கைகளையும் ஷாஃப்ட்டில் வைத்து, கண்ணை மூடி, மெல்லச் சுழற்றினார். இப்படியும் அப்படியும் உலுப்பினார். மூட்டு மூட்டாகக் காது வைத்தார். பேரிங் பூப்போலச் சுழன்றது. ஒரு கரகரப்பில்லை, ஒரு ஆட்டமில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. பேரிங் போய்விட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும். இன்றைக்கு ஓட்டம் இல்லை. அடுத்த கோடைவரை பிள்ளை பத்திரம். கடைசிச் சொல் இவருடையது என்று அவளே சொல்லியிருக்கிறாள். தன் கண்ணாலும் போய்ப் பார்க்கமாட்டாள். அப்பா சொன்னால் நம்புவாள்.

செல்வமலருக்கு அது எப்படியோ விளங்கிவிட்டது. சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மகளுக்குக் கேட்காமல், "பழுதெண்டு சொல்லுங்கோ" என்றார். "நான் ஒண்டும் கேக்கமாட்டன். பழுதெண்டு சொல்லிப்போட்டு வெளியிலை வாங்கோ."

கதிரேசு அடியில் கிடந்தபடி பேரிங்கை இன்னொரு தரம் சுழற்றிப் பார்த்தார். எண்ணெய் வாசமும் சுட்ட இரும்பு வாசமும் மூக்கில் ஏறின. அவருக்குத் தன் வாழ்நாளில் இவ்வளவு பயம் வந்ததில்லை. அந்த லொறி கவிழ்ந்த நாளில்கூட. ஒரு பொய்யைப் போல அவ்வளவு வசதியான சாமான் அந்த நேரம் உலகத்தில் வேறு எதுவும் இல்லை. ஆனால் நாளைக்குப் பட்டறையில் அந்தப் பேரிங்கைக் கழற்றுகிறவள் சாம்பவியாகத்தான் இருப்பாள். கையில் எடுத்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் எவனிடமோ ஷாஃப்ட் வாங்குவாள். அதைவிட, தான் செய்த நல்ல வேலையைப் பழுதென்று சொல்ல அவருக்கு நாக்கு எழும்பவில்லை.

வெளியே வந்து எழுந்து நின்றார். பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அப்பா?"

"பழுதில்லை" என்றார். பிறகு, "நேர்க் கியரோடை நிண்டுகொள். கோட்டைக் கடந்து கால் எடுக்கேக்கை ஒரேயடியாய் எடாதை, கொஞ்சம் கொஞ்சமாய் எடு" என்றார்.

"ஓம் அப்பா. போட்டு வாறன்."

செல்வமலர் பக்கத்திலிருந்த நீனோவின் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

கொடி விழுந்தது. மகள் சொன்னபடியே வண்டி எருமை போலத்தான் எழும்பியது. சனத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. சத்தம் ஒன்று தடித்து, நீண்டு, ஓடுபாதையின் நீளத்துக்கு இழுபட்டது. எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கதிரேசு மட்டும் பார்க்கவில்லை. பாதையோரத்தில் முழங்காலிட்டு, பிறகு முழு உடம்பாகவே படுத்து, வெயிலில் சுட்ட சீமெந்தில் காதை வைத்துவிட்டார். ஒருவர் அவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார். நீனோ ஓடி வந்தவரைத் தடுத்து அப்பால் கூட்டிப்போனார்.

ஒலிபெருக்கியில் எண் வந்தது. இருநூற்றைம்பத்துமூன்று. சனம் கத்திக் கைதட்டியது. நீனோ தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். செல்வமலர் கண்ணைத் திறந்து, ஓடி வந்து, "இஞ்சருங்கோ, பிள்ளை கடந்திட்டாளாம், எழும்புங்கோ!" என்று கணவரின் தோளைப் பிடித்து உலுப்பினார்.

கதிரேசு எழும்பவில்லை. வண்டி இன்னும் நிற்கவில்லை. வேகம் இறங்கும்போதும் ஷாஃப்ட் ஏறிப்போன அத்தனை வேகங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கடந்துதான் வரவேண்டும். சீமெந்திலிருந்து காதை எடுக்காமல், கண்ணைத் திறக்காமல், ஒரு கையை மட்டும் உயர்த்தி, கைதட்டுகிறவர்களைக் கொஞ்சம் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.